மாணவர் செய்யும் கணினிக் குற்றம்: இழப்பு யாருக்கு?

2016 ஆகஸ்டில், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தியோகபூர்வ இணையத்தளம் ஊடுருவப்பட்டது. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்தும் முடிவு புத்தாண்டுக் காலத்தைப் பாதிக்கும், அதனை மீள்பரிசீலனை செய்யுங்கள் என்ற சிங்கள வாசகம் அதன் முகப்பில் காணப்பட்டது. சில தினங்களில் கண்டிப் பகுதியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ்க் கைதானார்.

கோரிக்கையில் நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் முகப்பை மாற்றத் தெரிந்த கை, நாளை புள்ளிப் பட்டியலை நாடினால் என்னவாகும்?

நமது பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. மன்னார் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. திருக்கேதீஸ்வரத்து விவசாயியின் மகளும் எருக்கலம்பிட்டி மீனவரின் மகனும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்காகவே போட்டியிடுகின்றனர். இஸட் புள்ளியோ, ஒரு பாடத்திற்குத் தோற்றிய அனைவரது புள்ளிகளின் சராசரியையும் பரம்பலையும் கொண்டு கணிக்கப்படுவது. நான்கு தசமதானம் வரை செல்வது. இடங்கள் சொற்பமான மாவட்டத்தில் திருத்தப்பட்ட ஒரு புள்ளி, முறையாகப் படித்த பிள்ளையொன்றின் ஆசனத்தையே பறித்துவிடும். பிறர் அமானிதத்தில் கைவைப்பது என்பது இதுதான்.

2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் சமூக ஊடகங்களில் வெளியானது. பரீட்சை இரத்தாகி, பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் நடந்தது. அங்கே கைதானவர் ஓர் ஆசிரியர். இருமுறை எழுத நேர்ந்தவர்களோ மாணவர்கள்.

பெரியவர்களின் அசட்டையும் சிறிதன்று. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2025இல் வெளியிட்ட ஆய்வில், கல்வி நிலையங்களின் உள்ளிருந்தே நிகழ்ந்த 215 தரவு மீறல்களுள் 57 வீதம் மாணவர் செய்தவை. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களும், துண்டுக் கடதாசியில் எழுதி வைத்தவையுமே பலருக்கு வழிவிட்டன. நமது பாடசாலைக் காரியாலய மேசைகளை அதிபர்கள் ஒருமுறை நோக்குவது நன்று.

2016இன் அந்த வாசகத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்பது அது. சில நாள்களுக்குள் அதே தளம் மீண்டும் தாக்கப்பட்டது.