ஓட்டோஃபெர்லின்: செவிக்குள் ஒரு கால்சியப் புரதம்

ஆலத்தியூர் வட்டாரத்தில் வாழ்வோருக்குச் சுண்ணாம்புக்கல் புதிய பொருளன்று. இங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்கு அதுவே மூலப்பொருள். அக்கல்லில் உள்ள கால்சியமே எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருகிறது என்பதையும் பலர் அறிவர். ஆனால் அதே கால்சியம் மிக நுண்ணிய அளவில் செல்களுக்குள் நுழைந்து, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் ஆணையிடும் தூதனாகவும் விளங்குகிறது. அந்த ஆணையை ஏற்கும் புரதங்களுள் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டால், குழந்தைக்குக் காது கேளாமல் போகும். அக்குறை முதற்கட்டப் பரிசோதனையில் தென்படாமலும் போகலாம் என்பதால்தான் அதனை இங்கு விரிவாக எழுத வேண்டியுள்ளது.

ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. செல்லுக்குள் கால்சியம் பெருகும்போது மட்டும் அச்சவ்வைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் பல உண்டு. அவ்வாறு பற்றும் கை போன்ற பகுதியை அறிவியலார் ‘சி2’ என்று குறிப்பர். கோபைன் என்னும் புரதத்தில் இத்தகைய கைகள் இரண்டு. ஓட்டோஃபெர்லினில் ஆறு அல்லது ஏழு எனக் கணக்கிடுவர். 1,997 அமினோ அமிலங்களைக் கோத்து அமைந்த பெரிய புரதம் இது. இதற்குரிய மரபணு இரண்டாம் குரோமோசோமில் உள்ளது. காது கேளாமை பரம்பரையாகத் தொடர்ந்த லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, 1999ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவன அறிஞர்கள் இதனைக் கண்டறிந்தனர்.

இப்புரதத்தின் பணியிடம் உட்செவி. நத்தைக்கூடு போன்ற காக்ளியாவில் இருவகை மயிர்ச் செல்கள் உள்ளன. வெளிவரிசையில் உள்ளவை ஒலியைப் பெருக்கித் தருகின்றன. உள்வரிசையில் உள்ள ஏறத்தாழ 3,500 செல்களே அதனைச் செவிநரம்புக்குச் செய்தியாக மாற்றி அனுப்புகின்றன. ஒலியலை வந்து மோதியதும் உள்வரிசைச் செல்லின் அடிப்பகுதியில் கால்சியம் பாய்கிறது. அங்கே வேதிப்பொருள் நிறைந்த நுண்பைகள் காத்திருக்கின்றன. கால்சியம் வந்ததை உணர்ந்து, அப்பைகளைச் சவ்வோடு இணையச் செய்வது ஓட்டோஃபெர்லின். பை உடைந்து வேதிப்பொருள் வெளியேறினால்தான் நரம்பு விழித்தெழும். ஓட்டோஃபெர்லின் இல்லையெனில் ஒலி வரும், கால்சியமும் பாயும். செய்தி மட்டும் நரம்பை அடையாது.

இங்குதான் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்குப் பல இடங்களில் முதலில் செய்யப்படும் ஓ.ஏ.இ. பரிசோதனை, வெளிவரிசைச் செல்களின் எதிரொலியை மட்டுமே அளக்கிறது. ஓட்டோஃபெர்லின் குறைபாட்டில் அச்செல்கள் தொடக்கத்தில் நலமாகவே இருக்கும். ஆகவே ‘தேர்ச்சி’ என்றே முடிவு வரும். செவிநரம்பும் மூளைத்தண்டும் ஒலிக்கு மறுமொழி தருகின்றனவா என்று பார்ப்பது பெரா பரிசோதனை. ஓ.ஏ.இ.யில் தேறிய குழந்தையாயினும், கதவு அறையும் ஓசைக்குத் திடுக்கிடவில்லை, தாயின் குரலுக்குத் திரும்பவில்லை என்று வீட்டார் ஐயுற்றால், பெரா செய்யுமாறு கேட்பது முறை. ‘பிள்ளை மெதுவாகப் பேசும்’ என்னும் ஆறுதலை நம்பி இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்துவிடுவது கொடிது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கும் பெரா அவசியம்.

கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகுமா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. குறை கால்சியத்தில் இல்லை, அதனை உணரும் புரதத்தில் உள்ளது. தாய் கருவுற்றிருந்தபோது உண்டதும் உண்ணாததும் இதற்குக் காரணமல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு இக்குறை தோன்றும். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஒவ்வொரு கருவுறுதலிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் நம் பகுதியில் நிலைத்திருப்பதால், ஒரே பழுது இருபுறமும் சேர்வது எளிதாகிறது. பரம்பரைக் காது கேளாமைக்கு ஓட்டோஃபெர்லின் பொதுவான காரணமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் ஜி.ஜே.பி.2 என்னும் வேறொரு மரபணுவே மிகுதியாகக் காணப்படுகிறது.

வியப்பான ஒரு வகையும் உண்டு. இம்மரபணுவின் சில மாற்றங்களில், காய்ச்சல் ஏறும்போது மட்டும் செவித்திறன் வெகுவாகக் குறைந்து, காய்ச்சல் தணிந்ததும் திரும்பிவிடுகிறது. குழந்தை காய்ச்சலில் ‘சொல்வதைக் கேட்பதில்லை’ என்றால், அது எப்போதும் சோர்வினால்தான் என்று கொள்ள வேண்டியதில்லை.

நரம்பு நலமாக இருப்பதால் இக்குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி நல்ல பயன் தருகிறது. அது மயிர்ச் செல்லைக் கடந்து, நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்வறுவைச் சிகிச்சைக்கு இடமுண்டு. அதன்பின் பேச்சுப் பயிற்சி நெடுங்காலம் தேவைப்படும். ஷாங்காயில் ஆறு குழந்தைகளுக்கு நல்ல மரபணுவையே உட்செவியில் செலுத்திப் பார்த்தனர். ஐவருக்குச் செவித்திறன் கிடைத்ததாக 2024 சனவரியில் செய்தி வெளியானது. மரபணு மிகப் பெரியதாகையால், அதனை இரண்டாகப் பிரித்து இரு வைரஸ்களில் ஏற்றி அனுப்ப நேர்ந்தது. அது நம் ஊருக்கு வரட்டும் என்று காக்ளியர் சிகிச்சையைத் தள்ளிவைப்பது சரியன்று.

மூத்த குழந்தைக்கு இக்குறை உறுதியானால், அடுத்த கருவுக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறலாம். இளைய குழந்தைக்கு ஓ.ஏ.இ.யோடு நில்லாமல், பிறந்த முதல் மாதத்திலேயே பெராவும் செய்ய வேண்டும்.