லயத்துச் சங்கதிகள்: பீலிக்கரையும் இஸ்தோப்பும்

வட்டவளையில் மழை ஓய்ந்திருந்தால் பேச்சு, பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில். மழை பிடித்துக்கொண்டால் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில். தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை இந்த மலை காய்வதே அரிது. இலங்கையில் அதிகம் மழை பெறும் இடங்களைச் சொல்லும்போது வட்டவளையின் பெயர் முன்வரிசையில் வரும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற பஸ்ஸில் இருப்பவர் ஷட்டரை இழுத்துவிட்டுத் தூங்கலாம். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் இருப்பவருக்கோ இன்றைக்கு யாரோடு, எங்கே நின்று, எவ்வளவு நேரம் கதைக்கலாம் என்பதையும் அந்த மழையே தீர்மானிக்கிறது.

சென்ற வாரம், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே பேசுகிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விடுவார்கள். எல்லாரும் பேசுகிற இடங்கள் வேறு. ஊர்ப்பேச்சு, புறணி, வம்பு என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களுக்குத் தோட்டத்தின் பாதி வாழ்க்கை தெரியாமலே போகும் என்பது என் எண்ணம்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயம் என்றால் முதுகுப்புறத்தில் இன்னொரு வரிசை. பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டில் யார் இருமினார்கள், யார் அழுதார்கள், யாருக்குத் தூக்கம் வரவில்லை என்பதெல்லாம் தானாகவே காதில் விழும். ஒட்டுக்கேட்கத் தேவையில்லை. கேட்காமல் இருப்பதுதான் சிரமம்.

அதனால் லயத்தில் ஒரு நயத்தக்க நாகரிகம் வளர்ந்திருக்கிறது. ராத்திரி காதில் விழுந்ததைக் காலையில் நாமாக எடுக்கக்கூடாது. பீலியில் குடத்தை வைத்துவிட்டு அந்தப் பெண்ணே, "நேத்து சத்தம் கேட்டிருக்குமே பெரியம்மா" என்று தொடங்கினால்தான் மற்றவள் வாய் திறப்பாள். அடி விழுகிற சத்தம் கேட்டால் மட்டும் இந்த விதி செல்லாது. அப்போது சுவரைத் தட்டவேண்டும், கதவைத் தட்டவேண்டும். தட்டாத வீட்டைப் பற்றித்தான் மறுநாள் பேச்சு நடக்கும். பொலிஸுக்கு டவுன்வரை போகவேண்டிய இடத்தில் அந்தப் பேச்சுக்குப் பயந்து கையை இறக்கியவர்கள் உண்டு.

பீலிக்கரையில் குடும்பக் கதைதான் ஓடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பொழுது சாய்ந்து கூடையை இறக்கிவிட்டு வருகிற பெண்களிடையே முதலில் வரும் கேள்வி வேறு: "இன்னைக்கு எத்தன கிலோ வெட்டுனாங்க?"

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பதைத்தான் வெட்டுவது என்கிறார்கள். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து நிறுவைக்குப் போகிறது என்பது உண்மை. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோரில் வாடிக் காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது என்பதும் உண்மை. ஆனால் இன்றைய மழைக்கு எவ்வளவு கழிப்பது? தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒரு கணக்குச் சொல்வார். சரிவில் ஏறி இறங்கிய முதுகு வேறு கணக்குச் சொல்லும். நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கிற அளவுக்கு ஒன்றிரண்டு குறைந்தாலும் முழுநாள் சம்பளமான முழுப்பேர் போய் அரைப்பேர் விழலாம். நாட்டிலேயே மழை கூடிய இடங்களில் ஒன்றில் இந்தக் கழிவு சின்ன விடயம் ஆகாது.

இதற்கு எழுத்தில் ஆதாரம் வைத்துக்கொள்ளப் பெண்களுக்கு வழியில்லை. பேச்சுத்தான் வழி. மேமலையில் கொழுந்து எடுத்தவளும் கீழ்மலையில் எடுத்தவளும் பீலியில் சந்திக்கிறார்கள். "ஒங்களுக்கு ரெண்டுதானே வெட்டுனாங்க, எங்களுக்கு ஏன் அக்கா நாலு?" ஒரே மழை, ஒரே தராசு, இரண்டு கழிவு. இரண்டு மூன்று நாள் இப்படி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாதர் சங்கத் தலைவியிடம் சொல்வார்கள். அவர் தோட்டத் தலைவரிடம் சொல்வார். தலைவர் ஆபீசுக்குப் போகும்போது கையில் இருக்கும் புள்ளிவிபரம் பீலிக்கரையில் திரட்டியதுதான். சில வாரங்களில் கழிவு குறையும், பிறகு மெல்ல ஏறும், மறுபடி பேச்சுக் கிளம்பும். தராசைக் காவல் காக்கிற இந்த வேலையை அந்தப் பெண்கள் சம்பளம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்.

ஆண்களின் விவாதம் டவுன் கடைகளிலும் கோயில் திண்ணையிலும். அங்கே கம்பனியைப் பற்றித்தான் அதிகம். தோட்டம் கைமாறப்போகிறதாம், பாதியை வெட்டிவிட்டு வேறு பயிர் போடப்போகிறார்களாம். வதந்தி என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்த மக்களிடம் கேட்காமலே தோட்டங்கள் எத்தனை முறை கைமாறியிருக்கின்றன என்று பாருங்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது. 2017இல் வட்டவளை பிளான்டேஷன்ஸ் கம்பனி இரண்டாகப் பிரிந்து, தேயிலைத் தோட்டங்கள் ஹட்டன் பிளான்டேஷன்ஸ் என்ற புதுப்பெயருக்குப் போயின. வட்டவளை என்ற பெயரை வைத்துக்கொண்ட கம்பனியிடம் எஞ்சியவை செம்பனையும் பால்பண்ணையும். பங்குச்சந்தையில் இருப்பவர்களுக்கு அறிக்கை வந்தது. லயத்துக்கு வந்தது, ஆபீஸ் பெடியன் ஒருவன் சொன்னதை இன்னொருவன் கேட்டுவந்த சேதி. அறிவித்தல் வராத இடத்தில் ஊகம் பேசுவதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சம்பளப் பேச்சும் அப்படித்தான். 2024 மே முதலாம் திகதி கொட்டகலை மேதினக் கூட்டத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 என்று முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில் 1700ஐ நம்பிக் கடைக்கொப்பியில் கடன் ஏறிய வீடுகள் உண்டு. "வருமாம்", "வராதாம்" என்று இஸ்தோப்பில் இரண்டு கட்சி. 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வரவுசெலவுத் திட்டத்தில் 1750 என்று சொன்னபோது, முதலில் கிளம்பிய கேள்வி தொகையைப் பற்றியதாக இல்லை. "மாசத்துக்கு எத்தன நாள் வேல குடுப்பாங்க?" என்பதுதான். சம்பளத்தைக் கூட்டி நாளைக் குறைத்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதை இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

இதைவிடச் சூடான விவாதம் ஒன்று இப்போது நடக்கிறது. தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, பறிக்கிற கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குகிற முறை. இளையவர்களில் பலருக்கு அது பிடித்திருக்கிறது. கங்காணி பின்னால் நிற்கமாட்டார், வேறு வேலைக்குப் போய்விட்டுவந்தும் எடுக்கலாம், உழைத்தால் கூடக் கிடைக்கும் என்கிறார்கள். மூத்தவர்கள் விடுவதில்லை. "செக்ரோல்ல பேரு இல்லாட்டி ஈபிஎப் யாரு கட்டுவா? காணி ஒன் பேருல எழுதித் தாறாங்களா?" என்று கேட்கிறார்கள். எனக்கு மூத்தவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நிலம் குத்தகைக் கம்பனியிடமே இருக்க, பாரம் மட்டும் தொழிலாளியின் தோளுக்கு இறங்குகிற ஏற்பாட்டைச் சுதந்திரம் என்று ஏற்க முடியாது. ஆனால் பிள்ளைகளின் ஆசையிலும் பொய் இல்லை. பேர் கூப்பிடுவதைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்கும் வாழ்க்கை வேண்டாம் என்கிறார்கள். இந்த இரண்டு நியாயங்களையும் இஸ்தோப்பில் நடந்த வாக்குவாதத்தில் கேட்ட அளவு தெளிவாக எந்தச் சங்க மேடையிலும் நான் கேட்டதில்லை.

பேச்சைக் கண்டு நிர்வாகம் பயந்த காலமும் இருந்தது. வெளியாள் தோட்டத்துக்குள் நுழைந்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போடக்கூடிய நாட்களில், கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் வேடத்தில் லயங்களுக்குள் போய் நிலைமையை அறிந்தார். 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக்கட்டிப் பாடினார். பாட்டு ஒரு லயத்தில் இறங்கினால் அடுத்த லயத்துக்குப் போக ஆள் தேவைப்படவில்லை, வாய்கள் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இந்தப் பேச்சின் கொடுமையைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவன் ஆவேன். அது பெண்பிள்ளைகள் மேல் இறங்குகிற கொடுமை. கொழும்புக் கடையில் வேலை செய்கிற பையன் தீபாவளிக்கு ரயிலேறி வட்டவளை ஸ்டேஷனில் இறங்கினால் அவன் சப்பாத்தைப் பற்றிப் பேசுவார்கள், அவன் கொண்டுவந்த ரேடியோவைப் பற்றிப் பேசுவார்கள். கார்மண்ட்டில் வேலை செய்கிற அவன் தங்கை அதே ரயிலில் வந்தால், அவள் யாரோடு வந்தாள் என்பதுதான் பேச்சு. போன் எப்படி வாங்கினாள், முடியை ஏன் வெட்டினாள், மாசாமாசம் காசு அனுப்ப எப்படி முடிகிறது? அந்தக் காசில்தான் தம்பி படிக்கிறான் என்பது பேசுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே பேசுகிறார்கள். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன தாயைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ராத்திரி காதில் விழுந்ததைக் காலையில் எடுக்காத அதே லயம், ஊரை விட்டுப் போனவள் விடயத்தில் மட்டும் அந்த நாகரிகத்தை ஏன் மறக்கிறது என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்த நிலையில் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். தரகர் ஒருவர் மூலமாக அனுப்பப்பட்டவள். மலையகம் முழுக்க வீதிக்கு இறங்கியது. அதற்குப் பிறகு சில லயங்களில் ஒரு மாற்றம் வந்தது. புள்ள பிடிக்க வருகிற தரகரைப் பற்றி முன்பு சாடையாகப் பேசியவர்கள் இப்போது முகத்துக்கு நேரே கேட்கிறார்கள்: எந்த வீடு, எந்த ரோட்டு, போன் நம்பர் என்ன, போன வருசம் கூட்டிப்போன பிள்ளை எங்கே? வாய் இப்படித் திரும்பினால் அது எத்தனை பெரிய பாதுகாப்பு! தாயைக் குறைசொல்லிச் செலவழிக்கிற அதே நேரம்தான் இதற்கும் போதும்.

சீட்டுப் பிடிப்பது, கலியாணத்துக்கு விசாரிப்பது, சாவீட்டுக்குக் காசு சேர்ப்பது எல்லாம் நம்பிக்கையின் கணக்கு. அந்தக் கணக்கும் பேச்சில்தான் எழுதப்படுகிறது. அதை விரித்து எழுத இன்னொரு வாரம் வேண்டும்.

7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்துப் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டில் வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்த நாளிலிருந்து, யாருக்குப் பட்டியலில் பேர் வந்தது, யாருக்கு ஏன் வரவில்லை என்பது ஓயாத தர்க்கம். கிடைத்த வீட்டில் கூரை வரைக்கும் சுவர் இருக்கிறது. ரகசியம் பேசலாம், புருஷனும் பெண்சாதியும் நிம்மதியாகச் சண்டை போடலாம். இது பெரிய விடுதலை, யாரும் குறைத்துப் பேசவேண்டாம். பைப் வாசலுக்கு வந்துவிட்டதால் பீலிக்கரைக்குப் போகும் தேவையும் குறைகிறது. அப்படியானால் கழிவுக் கணக்கை எங்கே ஒப்பிடுவார்கள்? போனில் அனுப்புகிற குரல் பதிவுகளில் அது ஓரளவு நடக்கிறது. ஆனால் போன் வைத்திராத மூத்த பெண்கள் அந்தப் பேச்சிலிருந்து வெளியே நிற்கிறார்கள்.

அந்த மூத்த பெண்களுக்குத் தெரிந்தது என்ன என்பது 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது புரிந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து லயங்கள் புதைந்தன. மலையக ரயில்பாதை பல இடங்களில் அறுந்தது. அதிலிருந்து வானம் இருண்டாலே இஸ்தோப்பில் ஒரே விவாதம்தான்: இன்றிரவு பள்ளிக்கூடத்துக்குப் போவதா, இருப்பதா? போனால் மாடு, கோழி, காம்பராவுக்குள் இருக்கிற சாமான். இருந்தால் உயிர்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு அறிகுறிகள் என்று சொல்வனவற்றில், ஊற்றுத்தண்ணீர் திடீரெனக் கலங்குவது ஒன்று. புதிதாக ஊற்றுக் கிளம்புவதும், இருந்தது நிற்பதும் அதோடு சேரும். தரையிலும் சுவரிலும் வெடிப்பு, மரம் சாய்வது என்று பட்டியல் நீளும். பீலியில் அறுபது வருசம் தண்ணீர் பிடித்த ஒருத்திக்கு அதன் நிறமும் வேகமும் மனப்பாடம். "தண்ணி செவப்பா வருது, மேல என்னமோ நடக்குது" என்று அவள் சொன்னால் அதுதான் அந்த லயத்துக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அந்தச் சேதியைக் கிராம சேவகருக்கோ தோட்ட ஆபீசுக்கோ கொண்டுசேர்க்கவும், அவர்கள் அதை எழுதிக்கொண்டு அந்த ராத்திரியே ஆள் அனுப்பவும் ஓர் ஏற்பாடு இன்றைக்கும் பல தோட்டங்களில் இல்லை. கிழவி சொன்னாள் என்று விட்டுவிடுகிறார்கள்.

போகத்தான் வேண்டும் என்று முடிவானாலும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. எங்கே போவது? பாதுகாப்பான மேட்டில் தேயிலை நிற்கிறது. அந்த மேடு குத்தகைக் கம்பனியின் பொறுப்பில். காணிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கிற குடும்பங்கள் அடுத்த பருவமழைக்குள் பதில் வருமா என்று கணக்குப் பார்க்கின்றன. மே மாதத்துக்கு அதிக நாள் இல்லை.

(தொடரும்)