ஒரு பேர்த்தியும் இரண்டு பரீட்சைகளும்

விடத்தல்தீவு என்றவுடன் நாற்புறமும் கடல் சூழ்ந்த ஒரு தீவினை மனக்கண்ணிற் காண்போர் பலர். பெயரில் தீவு உண்டு. ஆனால் ஊரோ பெருநிலத்தோடு ஒட்டியது. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 பெருந்தெருவிலே, மேற்கே கண்டற் காடும் பாக்குக் கடலும், கிழக்கே வயல்வெளியுமாக அமைந்திருப்பது எங்கள் ஊர். விடத்தல் என்பது வறண்ட நிலத்திலே வளரும் முட்செடி ஒன்றின் பெயர். முள்ளும் உப்பும் நிறைந்த இந்த மண்ணிலே கூத்தும் விளைந்தது என்பதைச் சொன்னால் வெளியூரார் வியப்பர். பழைய மாதோட்டத்தின் வடபாகத்தைச் சேர்ந்த எமக்கோ அதில் வியப்பில்லை.

நான் இவ்வூரில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனுக்கு ஊரார் கொடுக்கும் உத்தியோகம் ஒன்று உண்டு. அதுதான் விண்ணப்பம் நிரப்புவது. அவ்வாறு நிரப்பிய விண்ணப்பங்களுள் என் நெஞ்சை விட்டு நீங்காத இரண்டினைப் பற்றியே ஈண்டு எழுதலானேன்.

எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டிலே ஒரு முதிய அண்ணாவியார் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய மகன் நண்டு வலை போடுபவர். மகனுடைய மகள் க. பொ. த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும், நடனம், தமிழ் என்னும் மூன்று பாடங்களையும் எடுத்துச் சித்தியடைந்தவள். பெறுபேறு வந்த மறுநாள் அவள் என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றாள்.

"சேர், நான் நாடகம் படிக்கப் போறன். எப்படிப் போறது எண்டு எனக்கு ஒருக்கால் எழுதித் தாங்கோ."

பல்கலைக்கழகம் என்றால் இசட் புள்ளி ஒன்றே வாயிற்கதவு என்று நினைப்போர் நம்மவருள் மிகப் பலர். கலைத்துறைப் பட்டங்கள் சிலவற்றுக்கு அவ்வாறன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பொது விண்ணப்பம் ஒரு புறம் இருக்க, அந்தந்த நிறுவனம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சைக்கோ செயன்முறைப் பரீட்சைக்கோ வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அதிலே தேறியவர்களுள்ளேதான் பின்னர் இசட் புள்ளி பார்க்கப்படும். இந்த இரண்டாவது விண்ணப்பத்தை அறியாது விட்டு, ஓர் ஆண்டையே இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கையிலே திறமை இருந்தது. காலிலே சதங்கையும் இருந்தது. ஒரு கடிதம் மாத்திரம் இல்லாமற் போயிற்று.

எனவே ஒரு கொப்பித் தாளை எடுத்து நடுவே கோடிட்டேன். இடப்பக்கம் மருதனார்மடம், வலப்பக்கம் மட்டக்களப்பு.

மருதனார்மடத்திலே, முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம் இருக்கிறது, அது நடனத்துக்காக. மட்டக்களப்புக் கல்லடியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அது நாடகத்துக்காக. 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவகம் அது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926 இல் 'மதங்க சூளாமணி' எழுதிய துறவியின் பெயரால் நாடகக் கல்வி நடப்பது பொருத்தமே. கொழும்பிலே 2005 இல் நிறுவப்பட்ட கட்புல அரங்கேற்றுக் கலைகள் பல்கலைக்கழகத்தையும் எண்ணிப் பார்த்தோம். தொலைவும் மொழியும் கருதி அதனை விட்டோம்.

உலகெங்கும் நடிப்புக் கல்விக்கு இத்தகைய தேர்வு உண்டு. 1959 இல் தொடங்கிய புதுடில்லித் தேசிய நாடகப் பள்ளி முதலில் பல நகரங்களில் முதற்கட்டத் தேர்வு நடத்திப் பின்னர் தேறியவர்களைத் தலைநகருக்கு அழைத்துச் சில நாள் பயிற்சியில் வைத்துப் பார்க்கிறது. அமெரிக்காவிலோ மாணவர் பத்து, பன்னிரண்டு கல்லூரிகளுக்கு ஒருங்கே விண்ணப்பிக்கிறார்கள். முன்னரே படம்பிடித்த நடிப்பை அனுப்பி, அதில் தேறியவர்கள் பனிக்காலத்தில் நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் கூடி, ஒரே வாரத்தில் பல கல்லூரியாருக்கு நடித்துக் காட்டுவார்களாம். அவர்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டோரும் அங்குண்டு. எங்கள் பிள்ளைக்கு இரண்டே இரண்டு பரீட்சைகள், அட்டவணைக்காரன் அடியேன், கூலி ஒரு கூடை நண்டு.

ஆனால் இரண்டு பரீட்சைகள் என்றாலும் இடர் இடர்தான். அழைப்புக் கடிதங்களுள் ஒன்று மிகத் தாமதித்து வந்தது. பிழை யாருடையது என்று ஆராய்வதிற் பயனில்லை. உறையைப் பிரித்தபோது எஞ்சியிருந்தவை ஐந்தே நாட்கள். வெள்ளிக்கிழமை மருதனார்மடம், அடுத்த திங்கட்கிழமை மட்டக்களப்பு. நாட்டின் வடமுனையில் ஒன்று, கீழ்க்கரையில் ஒன்று.

யாழ்ப்பாணம் போவது இப்பொழுது எளிது. 2011 ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், மன்னாரிலிருந்து வரும் பேருந்து எங்கள் ஊரைத் தொட்டுப் பூநகரி வழியாக நேரே சென்றுவிடும். மட்டக்களப்போ வேறு கதை. முருங்கன், செட்டிகுளம் வழியாக வவுனியா சென்று, அங்கிருந்து ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று பேருந்திலே பகல் முழுவதும் கழியும். ஆகவே நான் எழுதிய திட்டம் இது: வியாழன் யாழ்ப்பாணம், வெள்ளி பரீட்சை, சனி ஊருக்குத் திரும்பாமல் யாழ்ப்பாணத்திலிருந்தே மட்டக்களப்பு, ஞாயிறு முழு ஓய்வும் ஒத்திகையும், திங்கள் பரீட்சை. சான்றிதழ்ப் பிரதிகள் இரண்டு கட்டு, அடையாள அட்டை, கிராம அலுவலரின் கடிதம், சதங்கை, தாளம், தொண்டைக்குக் கற்கண்டு என்று பக்கத்திலே ஒரு பட்டியலும் இட்டேன். நண்டு விற்ற பணத்தைத் தகப்பனார் எண்ணித் தந்தார். தாயாரும் நானும் துணைக்குப் போவதாக முடிவாயிற்று.

எதனை நடித்துக் காட்டுவது என்பதிலே தாயாருக்கும் மகளுக்கும் வழக்கு மூண்டது. பாடப் புத்தகத்தில் உள்ள நவீன நாடகமொன்றின் தனிமொழியை நடித்தால் போதும் என்பது தாயாரின் கட்சி. மகளோ, பாட்டன் ஆடிய கூத்திலிருந்து அரசன் வரவினை ஆடிக் காட்டுவேன் என்றாள்.

"பொம்பிளைப் பிள்ளை ராசா வேசம் போடுறதோ?" என்றார் தாயார்.

"நாங்கள் ஆம்பிளையள் அந்தக் காலத்திலை ராசாத்தி வேசம் போடேல்லையே?" என்று பாயிற் கிடந்தபடியே கேட்டார் அண்ணாவியார். வழக்கு அத்துடன் தீர்ந்தது.

இங்கே மன்னார்க் கூத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலே வடமோடி, தென்மோடி என்பர். எங்கள் பகுதியிலே மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்பர். விரிந்தது நாடகம், சுருங்கியது வாசகப்பா. கத்தோலிக்க மக்களிடையே புனிதர் சரிதைகளும் விவிலியக் கதைகளும் இரவிரவாக ஆடப்பட்டன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதி நாடகங்களைத் தேடி எடுத்து, 'என்றீக் எம்பரதோர்' 1964 இலும், 'மூவிராசாக்கள்' 1966 இலும், 'ஞானசவுந்தரி' 1967 இலும் அச்சேற்றினார். பேராதனையில் மாணவரைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' ஆகிய கூத்துகளைச் சுருக்கிச் செப்பனிட்டு மேடையேற்றியவரும் அவரே. அந்த இராவணேசனிலே இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகிக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறைக்குத் தலைமை தாங்கினார். கிராமத்துக் களரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கூத்துப் போன வழி அதுவே. எங்கள் பிள்ளை போக விரும்பியதும் அவ்வழியே.

ஆயின் அண்ணாவியாரின் கூத்து அச்சிலே இல்லை. அவர் கையால் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. 2008 இல் போர் இக்கரையோரமாக ஏறி வந்தபோது, ஊர் முழுவதும் இடம் பெயர்ந்தது. சட்டி பானை எடுத்தவர்கள் சட்டி பானையை இழந்தார்கள். கொப்பி எடுத்தவர் கொப்பியை இழந்தார். அதற்கு முன்னரே, 1990 ஒக்டோபரில், இவ்வூர் முஸ்லிம் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கூத்துப் பார்க்கக் களரியின் முன்வரிசையில் அமர்ந்த நண்பர்களும் அவர்களோடு போனார்கள் என்று அண்ணாவியார் சொல்வார். இன்று அந்தக் கூத்து இருக்குமிடம் அவருடைய நினைவு ஒன்றே. அதிலும் சிற்சில இடங்களிலே பாட்டு வரும், தாளம் வராது. தாளம் வரும், சொல் வராது.

வரவுத் தரு மூன்றனுள் இரண்டினைப் பேர்த்தி நன்றாகக் கற்றிருந்தாள். மூன்றாவது இழுபறியிலேயே இருந்தது. வியாழக்கிழமை நாங்கள் புறப்பட்டபோதும் முதியவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதனைத் தேடியவண்ணமே இருந்தார்.

மருதனார்மடத்திலே பரீட்சை ஒழுங்காக நடந்தது. வெளியே வந்தவள், "சேர், பிழை விடாமல் ஆடினன். ஆனால் நல்லா ஆடின பிள்ளையள் கனபேர்" என்றாள். தன்னை அளந்துகொள்ளத் தெரிந்த பிள்ளை என்று மகிழ்ந்தேன். அன்று மாலை தொலைபேசி ஒலித்தது. அண்ணாவியாருக்குக் கடுங்காய்ச்சல், வைத்தியரிடம் காட்டி மருந்து கொடுத்திருக்கிறார்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நான் நாளைக்கு வீட்டை போறன்" என்றாள் அவள்.

நான் அட்டவணையை விரித்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போனால் ஞாயிறு விடியுமுன் மறுபடி புறப்பட வேண்டும், இரவுதான் மட்டக்களப்பு, ஓய்வில்லை, ஒத்திகையில்லை, வழியில் ஒரு பேருந்து பிந்தினாலும் பரீட்சை போய்விடும். இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். தாயார் என் பக்கம். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சேர், நீங்கள் சொல்லுறது சரி. அப்பப்பா போயிட்டால் அந்த மூண்டாவது தருவை நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

நான் அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

சனிக்கிழமை நண்பகல் ஊரை அடைந்தோம். காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. பேச்சோ மிகக் குறைவு. அவள் பாயின் அருகே அமர்ந்து முதல் இரண்டு தருக்களையும் பாடினாள். மூன்றாவதைத் தொடங்கித் தடுமாறியபோது முதியவரின் வலக்கை எழுந்தது. பாயின் ஓரத்திலே மெல்லத் தட்டலாயிற்று. சொல் வரவில்லை, தாளம் வந்தது. அவள் அறிந்த சொற்களை அந்தத் தாளத்திலே வைத்துப் பார்த்தாள். அடி பொருந்தியது. நாங்கள் அதுவரை அதனை விரைவு நடையிற் பாடிப் பாடியே பிழை செய்திருந்தோம். அதுவோ மெல்ல நடக்க வேண்டிய தரு. அரசன் ஓடி வருவதில்லை, நடந்து வருகிறான்.

அன்றிரவு அவள் எத்தனை மணிக்கு உறங்கினாளோ அறியேன். விடியுமுன் புறப்பட்டோம். வவுனியாவிலே ஒரு பேருந்தைத் தவறவிட்டோம். அடுத்ததில் நின்றுகொண்டே சென்றோம். கல்லடிப் பாலத்தைக் கடந்தபோது வாவியிலே விளக்குகள் எரிந்தன. நான் எழுதிய ஒத்திகை நாள் பேருந்துச் சன்னலோரத்தில் அவள் உதட்டளவிலே நடந்து முடிந்திருந்தது.

மறுநாள் அறைக்குள் நடந்ததை அவள் சொல்லவே அறிந்தேன். வரவினை ஆடி முடித்ததும் பரீட்சகர்களுள் ஒருவர், "இது எந்தப் பாங்கு?" என்று வினவினாராம். "மாதோட்டப் பாங்கு" என்றாளாம். "மறுபடி ஒருமுறை ஆடும்" என்றாராம்.

நடனத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. நாடகப் பரீட்சையிலே தேறினாள். அதன் பின்னும் இசட் புள்ளியின் வெட்டெல்லை வரும்வரை அவ்வீட்டார் உறங்கிய உறக்கம் உறக்கமன்று. இடம் கிடைத்தது. இப்பொழுது அவள் அங்கே இரண்டாம் ஆண்டிலே பயில்கிறாள். அண்ணாவியாரும் கர்த்தர் கிருபையால் நம்மோடு இருக்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் கைத்தொலைபேசியைப் பாயருகே வைத்து, அவர் பாடுவதைப் பதிந்து, இரவிலே கொப்பியில் எழுதுகிறாள். இழந்த கொப்பியிற் பாதி மீண்டுவிட்டது என்பது அவள் கணக்கு.

பெற்றோருக்கு அனுபவத்திலே கண்ட இரண்டொன்று கூறி முடிக்கிறேன். இரண்டாவது விண்ணப்பத்தை மறவாதீர். அறிவித்தல் வருமட்டும் காத்திராது நீங்களே தேடிப் பாருங்கள். ஒரு பரீட்சைக்கும் மற்றதற்கும் இடையே ஒரு நாளேனும் வெறுமையாக விடுங்கள். அந்த நாளிலே பிள்ளை ஓய்வெடுக்கும் என்று எண்ணியே நான் விட்டேன். அது எதற்கு வேண்டியிருந்தது என்பதைப் பிள்ளைதான் அறிந்திருந்தாள்.