கட்டுச்சோற்றுடன் ஒரு நாள்

விடுமுறை வந்தால் நகரியில் வாழும் நம்மவர் சென்னைக்கு ரயிலேறுகிறோம். புத்தூர்–ஊத்துக்கோட்டைச் சாலை நினைவுக்கே வருவதில்லை!

காலையில் கைலாசகோனை அருவி. தெலுங்கில் 'கோனா' என்றால் மலையிடுக்கு. பிள்ளைகள் ஆசைதீரக் குளிக்கட்டும். ஆனால் பாசிப் பாறையில் அவர்கள் கையை விடாதீர்கள். மலையில் மழை பெய்தால் உடனே கரையேறுங்கள். கட்டுச்சோறு அங்கேயே.

பிறகு சுருட்டப்பள்ளி. நஞ்சுண்ட சிவன் அம்பாள் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். "சாமி ஏன் படுத்திருக்கிறார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பள்ளியில் தெலுங்கு படிப்பவர்கள். கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தாயார் நாகலாம்பாள் நினைவாக எழுப்பிய மச்சாவதாரப் பெருமாள் கோயில். சந்நிதி மேற்கு நோக்கியது. மார்ச்சில் சூரியன் நேர்மேற்கில் மறைவதால், மாதக் கடைசியில் மூன்று மாலைகள் வெயில் கோபுரவாசல் வழியே நுழைந்து பாதத்திலிருந்து திருமுடிவரை ஏறும். அந்நாட்களில் கூட்டம் அதிகம், முன்னதாகவே போய்விடுங்கள்.