மெய்நிகர் மனைக்குப் போட்டோ பாஸ் உண்டா?

உலாவியிலேயே திறந்து, உள்ளே நடமாடி, பேசி, மனையும் வாங்கக்கூடிய முப்பரிமாண மெய்நிகர் உலகங்களைப் பற்றிய பேச்சு 2021 இறுதியில் உச்சத்தைத் தொட்டு, பின்னர் செயற்கை நுண்ணறிவின் ஆரவாரத்தில் அமுங்கிவிட்டது. எனினும் அவற்றை விளையாட்டென ஒதுக்க இயலாது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டச் சிவலிங்கபுரத்தில் மணமுடித்த இணையர் அத்தகைய உலகொன்றில் நடத்திய வரவேற்பில், மணமகளின் மறைந்த தந்தையே அவதாரமாக, அதாவது ஒருவருக்குப் பதிலாகத் திரையில் நடமாடும் உருவமாக, வந்திருந்தார்.

இவ்வளவு உணர்வு கலந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதே முதன்மையான கேள்வி. மும்பையின் மான்குர்த் வட்டாரத் தமிழர்களுக்கு அதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், ஜனதா காலனியிலிருந்து சுமார் 70,000 பேர் அகற்றப்பட்டு, சீட்டா கேம்ப் உருவாயிற்று. அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய, கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம், குடிசைவாசிகள் தம் வீடுகளைத் தாமே கணக்கெடுத்துப் பதிவேட்டைத் தம் கையில் வைத்திருக்கும் முறையைப் பின்னாளில் பரப்பினார். ரயில் பாதையோரக் குடும்பங்கள் 2000க்குப் பின் மான்குர்த் அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டபோது அத்தகைய பதிவேடுகள் பயன்பட்டன. குடிசைக் கணக்கெடுப்பில் பதிவானதற்குச் சான்றாக வழங்கப்படும் போட்டோ பாஸை இங்குள்ளவர்கள் பத்திரப்படுத்துவதும் அதே காரணத்தால்தான்.

மெய்நிகர் குடிகள் பலருக்கு அப்படியொரு சான்று இல்லை. அவர்கள் கட்டியவை அனைத்தும் நடத்துபவரின் வழங்கியில், அதாவது தரவைக் காத்து அனுப்பும் மையக் கணினியில், இருக்கின்றன. அது நின்றால் மனையும் மறையும். 2008 ஜூலையில் திறந்த உலகொன்று அவ்வாண்டு டிசம்பர் இறுதியிலேயே மூடப்பட்டது; 2023 மார்ச்சில் இன்னொன்று மூடப்பட்டது. பெருமுதல் இல்லாமல் இத்தகைய உலகங்கள் எழா என்பார் கூற்றிலும் உண்மை உண்டு.

ஆயினும் கட்டியதைக் கோப்பாகத் தம் கையில் வைத்திருக்கும் மாற்று வழி புதிதன்று. முப்பரிமாணக் காட்சியை எவரும் படிக்கக்கூடிய கோப்பாக எழுதும் வி.ஆர்.எம்.எல். 1997இலேயே பன்னாட்டுத் தரமாயிற்று. கூடுதல் மென்பொருளின்றி உலாவியிலேயே அத்தகைய காட்சியை வரையும் வெப்ஜிஎல் 2011இல் வந்தது. உருவங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல உதவும் ஜிஎல்டிஎஃப் கோப்பு வடிவம் 2022இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. கட்டியதைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி தராத உலகில் வாசகர்கள் மனைக்கெனப் பணம் கட்ட வேண்டாம்.