இருவீச்சா? நால்வீச்சா? – பனிவண்டி கற்பிக்கும் பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக் கொள்பவர்கள் நாம். வெண்பனி பெய்து நிலம் வெளுத்துக் கிடப்பதைத் திரையில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட நமக்குக் கனடாவின் உறைபனி மேல் ஓடும் வண்டியைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வெப்ப இயக்கவியல் பாடத்தில் ஓட்டோ சுழற்சியை வரைகிறோம், நான்கு கோடுகளுக்கும் பெயர் எழுதுகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம். பூஜ்யத்திற்குக் கீழே 30 பாகைக் குளிரில், ஊரைவிட்டு 100 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு மனிதனுக்கு அந்தக் கோடுகள் என்ன பொருள் தருகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

வண்டி பிறந்த வரலாறு

ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டிக்கு முன்புறம் சக்கரம் இல்லை. இரண்டு சறுக்குக் கட்டைகள் உண்டு. பின்புறம் டாங்கியில் இருப்பது போன்ற அகன்ற ரப்பர்ப் பட்டை சுழன்று வண்டியைத் தள்ளும். இதன் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் பெயர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் 1907-இல் பிறந்த இயந்திரத் தொழிலாளி அவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்றில் ஏற்பட்ட கடும் நோயால் துடித்தான். பாதைகள் பனியில் புதைந்து கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பே முயன்று வந்த பொம்பார்டியே, பின்னும் விடாது உழைத்து, பல்சக்கரத்தால் பட்டையை ஓட்டும் முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார்.

அவர் முதலில் செய்தவை பலர் அமரும் பெரிய வண்டிகள். ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு வண்டி ‘ஸ்கி-டூ’ என்ற பெயரில் 1959-இல் வந்தது. அந்த முதல் ஸ்கி-டூவில் இருந்தது 7 குதிரைத்திறன் கொண்ட நால்வீச்சு இயந்திரம். பிறகுதான் எடை குறைந்த இருவீச்சு இயந்திரங்கள் வந்து பனிவண்டி உலகையே பிடித்துக் கொண்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவற்றின் ஆட்சியே நடந்தது. 2003-ஆம் ஆண்டு மாதிரியாக யமஹா நிறுவனம், தன் ஆர்1 மோட்டார் சைக்கிளின் இயந்திரத்திலிருந்து உருவாக்கிய நால்வீச்சு வண்டியான ஆர்எக்ஸ்-1-ஐக் கொண்டு வந்தபோது போட்டி மீண்டும் சூடு பிடித்தது. அந்த நிறுவனம் 2025-ஆம் ஆண்டு மாதிரியோடு பனிவண்டித் தொழிலை விட்டே விலகிவிட்டது. அது எழுப்பிய கேள்வி மட்டும் விலகவில்லை.

இயந்திரத்தின் உள்ளே

நால்வீச்சு இயந்திரத்தில் பிஸ்டன் நான்கு முறை நகர்கிறது. கலவையை உறிஞ்சுவது, அழுத்துவது, எரிந்து தள்ளப்படுவது, புகையை வெளியேற்றுவது என நான்கிற்கும் தனித்தனி வீச்சு. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறை ஆற்றல் கிடைக்கும். 1876-இல் நிக்கோலஸ் ஓட்டோ இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார்.

இருவீச்சு இயந்திரத்தில் இதே நான்கு வேலைகளும் இரண்டு வீச்சில் முடிகின்றன. எனவே ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் உண்டு. அதன் எளிய வடிவத்தில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. அப்படியானால் அதே அளவுள்ள இயந்திரத்தில் இரு மடங்கு திறன் கிடைக்க வேண்டுமே என்று தோன்றும். கிடைப்பதில்லை. புதுக் கலவை உள்ளே வரும்போது புகை வெளியேறும் துளையும் திறந்தே இருக்கிறது. பழைய கார்புரேட்டர் வகையில் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியே போய்விடும். மேலும் கலவை கிராங்க் பெட்டி வழியாகச் செல்வதால், உயவுக்கான எண்ணெயும் கூடவே சென்று எரிந்தாக வேண்டும். நீலப் புகைக்குக் காரணம் இதுவே.

இதை விளக்க எனக்குப் படம் தேவைப்படவில்லை. என் தந்தையார் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அவருடைய பழைய டி.வி.எஸ். மொபெட்டுக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய் கலக்கும் அளவை அவர் ஒருநாளும் தவற விட்டதில்லை. “எண்ணெய் குறைஞ்சா இன்ஜின் போயிடும், கூடினா பிளக் கரியாயிடும்” என்பார். பாடநூல் அரைப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த வகை மொபெட்டும் 2015-இல் எக்ஸ்.எல். 100 என்ற பெயரில் நால்வீச்சு இயந்திரத்துடன் வெளிவந்ததை நாம் அறிவோம். ஆகவே இந்தக் கேள்வி நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று.

இருவீச்சு இயந்திரத்தின் வியப்பான பண்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். துளைகள் பிஸ்டனின் மேல் நிலைக்கும் கீழ் நிலைக்கும் இருபுறமும் சமச்சீராகத் திறந்து மூடுவதால், அது எந்தத் திசையில் சுற்றினாலும் ஓடும். பல பனிவண்டிகளில் பின்னோக்கிச் செல்லத் தனிப் பல்சக்கரம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் வேகம் தணிந்து, நிற்கும் நொடியில் எதிர்த் திசையில் தீப்பொறி பெற்றுத் திரும்பிச் சுழல்கிறது. நால்வீச்சு வண்டிக்கு அதற்கெனத் தனி அமைப்பும் அதன் எடையும் வேண்டும்.

குளிர் செய்யும் வேலை

மாறா அழுத்தத்தில் வாயுவின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறோம். நம் ஊர் 30 பாகை என்பது 303 கெல்வின். அவர்களுடைய மைனஸ் 30 பாகை என்பது 243 கெல்வின். 303-ஐ 243-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.25. அதாவது ஒரே சிலிண்டருக்குள் அங்கே கால் பங்கு கூடுதலான காற்று நுழைகிறது. எரிபொருளை அதற்கேற்பக் கூட்டாவிட்டால் கலவை மெலிந்து, வெப்பம் ஏறி, பிஸ்டனின் தலையில் ஓட்டையே விழக்கூடும். கடுங்குளிரில் இயந்திரம் சூட்டால் கெடுவது விந்தைதான்! கார்புரேட்டர் காலத்தில், குளிரின் அளவைப் பார்த்து ஜெட்டை மாற்றுவது ஓட்டுநரின் கடமையாக இருந்தது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் வண்டிகளில் உணர்விகளே இதைக் கவனித்துக் கொள்கின்றன.

இயந்திரத்தைக் கிளப்புவதிலும் வேற்றுமை உண்டு. நால்வீச்சு இயந்திரத்தின் எண்ணெய் குளிரில் தடித்துவிடும். பாட்டரியின் வலிமையும் அதே குளிரில் குன்றிவிடும். தடித்த எண்ணெயோடு கிராங்கைச் சுழற்ற வேண்டிய வேளையில் பாட்டரி தளர்ந்து நிற்கும். ஆகவே குளிரிலும் இளகி ஓடும் செயற்கை எண்ணெயும் நல்ல பாட்டரியும் அங்கே இன்றியமையாதவை. இருவீச்சு வண்டிகள் பலவற்றில் கயிற்றை இழுத்தே இயந்திரத்தைக் கிளப்பலாம். மனித நடமாட்டம் இல்லாத காட்டில் அந்தக் கயிறு உயிர்க் கயிறு ஆகலாம்.

பாதையில் ஒரு நாள்

பாதைப் பயணம் என்பது ஆழ்பனியில் மலையேறும் விளையாட்டு அன்று. கியூபெக்கில் மட்டும் 30,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பனிவண்டிப் பாதைகள் உள்ளன. அவற்றை உள்ளூர்ச் சங்கங்கள் இயந்திரம் கொண்டு சமன்செய்து பராமரிக்கின்றன. பயணிகள் பையைக் கட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் செல்கிறார்கள். ஒரே நாளில் 200, 300 கிலோமீட்டர் போவதும் உண்டு.

கணக்கிற்காக, இரண்டு வண்டிகளிலும் 40 லிட்டர் கொள்ளும் தொட்டி இருப்பதாக வைத்துக் கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடிக்கும் பழைய இருவீச்சு வண்டி 200 கிலோமீட்டரில் நின்றுவிடும். 12 லிட்டர் குடிக்கும் நால்வீச்சு வண்டி 330 கிலோமீட்டரைத் தாண்டும். அடுத்த பெட்ரோல் நிலையம் 220-ஆவது கிலோமீட்டரில் இருந்தால் இந்த வேற்றுமை பணத்தைப் பற்றியது மட்டும் அன்று. இருவீச்சு வண்டிக்காரர் எண்ணெய்ப் புட்டியையும் சுமந்தாக வேண்டும்.

வேக முடுக்கியை விட்டவுடன் நால்வீச்சு இயந்திரம் வண்டியைப் பின்னிழுக்கும். வளைவுகள் நிறைந்த பாதையில் இது பலருக்கு உதவி. வண்டி தானாக வழுக்கிச் செல்வதை விரும்புவோருக்குத் தொல்லை. எடையில் நால்வீச்சு வண்டி பொதுவாக 20 முதல் 40 கிலோ வரை கூடுதல். சமன்செய்த பாதையில் இந்த எடை வண்டியை நிலையாக ஓட வைக்கும். பாதையை விட்டு விலகி மென்பனியில் புதைந்தால், அதே எடையை இரண்டு கைகளால் தூக்க வேண்டியிருக்கும்.

புகையும் ஓசையும்

இதுவரை ஓட்டுபவரின் நன்மையை மட்டும் பார்த்தோம். ஓட்டாதவரும் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில், வரிசையாக நின்று உறுமிய இருவீச்சு வண்டிகளின் புகை காவலர்களின் கூண்டுக்குள் நிறைந்தது. குழாய் வழியே புதுக்காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். 2002-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காவலர்களுக்குச் சுவாசக் கவசமே வழங்கப்பட்டது. தூய்மைக்குப் பெயர் பெற்ற காட்டின் வாயிலில் இந்த நிலை! பின்னர், புகையும் ஓசையும் குறைந்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்ற விதி வந்தது. அந்த விதிக்குள் அடங்கியவற்றில் பெரும்பாலானவை நால்வீச்சு வண்டிகள்.

கியூபெக்கிலும் ஒரு வழக்கு நடந்தது. பழைய இரயில் தடம் ஒன்று பொதுப் பாதையாக்கப்பட்டு, அதில் பனிவண்டிகள் ஓடின. அருகில் குடியிருந்தவர்கள் ஓசையும் புகையும் தாங்காது நீதிமன்றம் சென்றனர். 2004-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பாதைகள் பெரும்பாலும் பிறருடைய நிலத்தின் வழியே செல்பவை. நிலத்துக்காரர் மனம் கசந்தால் பாதையே இல்லை. பாதை இல்லையேல் எந்த இயந்திரம் சிறந்தது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இருவீச்சின் கதை இத்தோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். எரிபொருளைக் காற்றோடு கலந்து கிராங்க் பெட்டி வழியே அனுப்பாமல், நேரே சிலிண்டருக்குள், வெளியேற்றும் துளை மூடப்படும் நேரத்தை ஒட்டிப் பீய்ச்சினால் பெரும் பகுதி வீணாகாது. ஸ்கி-டூ நிறுவனம் 2009-ஆம் ஆண்டு மாதிரியில் இந்த நேரடி முறையைக் கொண்டு வந்தது. எரிபொருட் செலவில் இரண்டிற்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. எண்ணெய் எரிவது குறைந்தது; முற்றிலும் நிற்கவில்லை.

இந்த ஆராய்ச்சியில் நம்மைப் போன்ற மாணவர்களுக்கும் பங்கு உண்டு என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 2000-ஆம் ஆண்டில் ‘தூய பனிவண்டிப் போட்டி’யைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் விற்பனையில் உள்ள வண்டியை வாங்கி, புகையையும் ஓசையையும் குறைத்துக் காட்ட வேண்டும். சில அணிகள் நால்வீச்சு இயந்திரத்தைப் பொருத்தின. ஐடஹோ பல்கலைக்கழக அணியினர் இருவீச்சு இயந்திரத்தில் நேரடி எரிபொருள் முறைக்காக உழைத்தனர். ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள். இரண்டும் ஆய்வகத்தில் கை அழுக்காகிப் பெற்றவை.

எதைத் தேர்வது?

நாள் முழுவதும் சமன்செய்த பாதையில் நெடுந்தொலைவு செல்பவருக்கு, துணைவரையும் பையையும் ஏற்றிச் செல்பவருக்கு, ஒரே வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவருக்கு நால்வீச்சே ஏற்றது என்பது என் கருத்து. எரிபொருட் சிக்கனம், அமைதி, நீடித்த உழைப்பு ஆகிய மூன்றும் அவருக்கு வேண்டியவை. பாதையை விட்டு ஆழ்பனியில் அடிக்கடி இறங்குபவரும், எடையைத் தம் கையாலேயே தூக்க வேண்டியவரும் நேரடி எரிபொருள் முறை கொண்ட இருவீச்சு வண்டியை நாடலாம். கார்புரேட்டர் கொண்ட பழைய இருவீச்சு வண்டி மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குபவர் பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் பின்னால் தரப்போகும் பணத்தையும் விலையோடு கூட்டிப் பார்ப்பது நல்லது.

புதியது எல்லாம் நல்லது என்பாரும் பழையதே நல்லது என்பாரும் நம்மிடையே உண்டு. இயந்திரம் இருவர் பேச்சையும் கேட்பதில்லை. எங்கே போகிறாய், எவ்வளவு தூரம் போகிறாய், உன் பின்னால் நின்று அந்தப் புகையைச் சுவாசிப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையே அது கேட்கிறது. முதல் இரண்டிற்கும் விடையை இயற்பியல் கணக்கிட்டுத் தந்துவிடும். மூன்றாவதை நாம்தான் நினைவில் வைத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.