பித்தப்பைக்குள் ஒளியும் அபூர்வப் புற்றுகள்

பொன்முடி மலையிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, விதுரா, நெடுமங்காடு வழியாக வந்தால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகம். 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் இங்கேதான் இருக்கிறது. இந்த மாவட்டப் பெண்களிடம் மார்பகப் புற்றும் தைராய்டு புற்றும்தான் அதிகம். பித்தப்பைப் புற்று இங்கே குறைவு.

வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் நிலைமை தலைகீழ். டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார், அசாம் பகுதிப் பெண்களை இந்த நோய் கடுமையாகத் தாக்குகிறது. வடக்கே பித்தப்பைக் கல்லும் அதிகம். ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, வட இந்தியர்களிடம் கல் ஏழு மடங்கு கூடுதல் என்று 1968-இலேயே எழுதினார். கல்லின் வகையும் வேறு: வடக்கே கொழுப்புக் கற்கள், தெற்கே பெரும்பாலும் நிறமிக் கற்கள். பித்தப்பைப் புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இருக்கிறது. ஆனால் கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோய் குறைவாக இருக்கும் ஊரில் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலி, ஸ்கேனில் கல், லேப்பராஸ்கோப்பி ஆபரேஷன், அடுத்த நாள் வீடு. பலருக்குப் புற்று இருப்பது இதற்குப் பிறகுதான் தெரிகிறது.

அதனால் வெளியே எடுத்த பையை என்ன செய்கிறார்கள் என்பது முக்கியம். கவனமுள்ள அறுவை மருத்துவர் அதை நீளவாக்கில் வெட்டித் திறந்து, பித்தநீரைக் கழுவி, உட்புறத்தைக் கையுறை விரலால் தடவிப் பார்ப்பார். நல்ல பையின் உள்தோல் பித்தப் பச்சை ஏறிய வெல்வெட் துணிபோல மெத்தென்றிருக்கும். எங்காவது வெளுத்து, தடித்து, விரலுக்கு உறுத்தினால் அந்த இடத்தில் நூல் போட்டு அடையாளம் வைப்பார்கள். பிறகு முழுப் பையும் ஃபார்மலின் பாட்டிலில் நோயியல் ஆய்வகத்துக்குப் போகும். கல்லை மட்டும் உறவினரிடம் காட்டிவிட்டுப் பையைக் குப்பைக்கு அனுப்புவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

மைக்ரோஸ்கோப்பின் கீழ் பத்தில் ஒன்பது புற்றுகள் சுரப்பித் திசுவில் பிறந்த அடினோகார்சினோமாவாகவே இருக்கும். மிச்சமுள்ள சிறு கூட்டத்தில்தான் அபூர்வ வகைகள், ஒவ்வொன்றும் ஒரு சுபாவத்தோடு.

செதிள் செல் புற்று அதில் ஒன்று. தோலிலும் வாயிலும் காணப்படும் செதிள் செல்கள் பித்தப்பையில் இயல்பாகக் கிடையாது. நெடுநாள் அழற்சியில் உள்தோல் மாறி அவை உருவாகின்றன என்று கருதப்படுகிறது. ஸ்லைடில் இளஞ்சிவப்புக் கெரட்டின் உருண்டைகள் வட்டவட்டமாகத் தெரியும். பெரும்பாலும் இது சுரப்பிப் புற்றோடு கலந்தே வரும். செதிள் பகுதி கால் பங்கைத் தாண்டினால் அடினோஸ்குவாமஸ் என்று எழுதுவார்கள். வேகமாகப் பருத்துப் பக்கத்திலுள்ள கல்லீரலைத் துளைப்பது இதன் வழக்கம். முழுமையாக வெட்டியெடுக்க முடிந்தவர்களுக்கே நம்பிக்கை அதிகம்.

நியூரோஎண்டோகிரைன் புற்று வேறு மாதிரி. சிறு செல் வகையில், நெருக்கியடித்த கருநீலச் செல்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே நிணநீர்க் கணுக்களுக்கும் கல்லீரலுக்கும் பரவிவிடக்கூடும். இதற்கு வழக்கமான பித்தப்பைக் கீமோ அல்ல, நுரையீரலின் சிறு செல் புற்றுக்குத் தருகிற எட்டோபோசைடும் பிளாட்டினம் மருந்தும்தான் தருகிறார்கள். ரிப்போர்ட்டில் ஒரு சொல் மாறினால் மருந்தே மாறிவிடுகிறது.

சளிக்குளத்தில் செல்கள் மிதக்கும் மியூசினஸ் வகை, சுரப்பித் திசுவும் சதைத் திசுவும் சேர்ந்து கெட்டுப்போகும் கார்சினோசார்கோமா ஆகியவையும் உண்டு. இரண்டும் முரட்டு வகைகள்.

ஆறுதல் தருவது பாப்பிலரி வகை. இது சுவரைத் துளைப்பதைவிடப் பையின் உள்வெளியை நோக்கியே கிளைவிட்டு வளர்கிறது. அதனால் ஸ்கேனில் சீக்கிரம் கண்ணில் படும், பிழைப்பவர்களும் அதிகம்.

வகையோடு ஆழமும் சேர்ந்தே தீர்ப்பெழுதுகிறது. பித்தப்பைச் சுவர் மெல்லியது. குடலில் உள்ளதுபோல் இதில் தனியான சளியடிப் படலம் இல்லை, கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் வெளியுறையும் இல்லை. புற்று உள்தோலோடு நின்றிருந்தால் பையை எடுத்ததே போதும். தசையைத் தொட்டிருந்தால், உடல் தாங்குமானால், கல்லீரலின் ஒரு பகுதியையும் கணுக்களையும் எடுக்க இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும்.

அறுவைக்கு எட்டாத நோயிலும் செய்ய வழியுண்டு. டெல்லி எய்ம்ஸில் 81 நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஜெம்சிட்டபின், ஆக்ஸாலிபிளாட்டின் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் ஒன்பதரை மாதம். ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நாலரை மாதம். அபூர்வ வகைகளுக்கோ எந்த மருத்துவமனையிலும் சிலரே வருவதால், மருத்துவர்கள் பெரும்பாலும் சிறுசிறு தொகுப்புகளை நம்பியே முடிவெடுக்கிறார்கள்.

கல் ஆபரேஷன் முடித்து மலைக்குத் திரும்புகிறவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். புற்று என்று வந்தால், பெரிய மையத்துக்குப் போகும்போது ஸ்கேனோடு ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டையையும் கொண்டு போவது நல்லது. வகையில் சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டையிலிருந்தே புதிதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்க்கலாம்; ஹெர்2 புரதம் மிகுந்திருக்கிறதா, அதைக் குறிவைக்கும் மருந்து பொருந்துமா என்றும் அதிலேயே சோதிக்கலாம்.